காற்றில் ஆடும் கார் ஷெட்

4 குழாய்த் தூண்களில் நிற்கும் உங்கள் கார் ஷெட் காற்றில் ஆடுகிறது, தூண்களுக்குள் கான்கிரீட் ஊற்றலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். அப்படி ஊற்றுவதால் ஆட்டம் நிற்காது. பின்பக்கம் கார் நுழையாது அல்லவா? அங்கே இரண்டு தூண்களுக்கிடையே பெருக்கல் குறிபோல் ஆங்கிள் (L வடிவ இரும்புப் பட்டை) கட்டுங்கள். மற்ற பக்கங்களில் தூண் தலைக்குச் சற்றுக் கீழிருந்து உத்தரத்துக்கு 45 பாகைச் சாய்வில் 2 அடி முட்டுக்கால் (சாய்வுத் தாங்கி) போதும்.

நீங்கள் சொல்வதுபோல் 4 தூணும் மேல் சட்டமும் மட்டும் என்றால், அது வெறும் செவ்வகம். தள்ளினால் சாயத்தான் செய்யும். ஆங்கிளும் முட்டுக்காலும் சேர்ந்தால் முக்கோணம் உண்டாகும். முக்கோணம் அப்படிச் சாயாது.

முதலில் தூணைத் தோள் உயரத்தில் தள்ளிப் பாருங்கள். தூணின் கீழே தரையோடு போல்ட் போட்ட அடித்தகடே அசைந்தால் கோளாறு போல்ட்டில். வெல்டரை அழைக்கும் முன் அதை முடுக்குங்கள்.

இன்னொன்று: முட்டுக்கால் பக்கவாட்டு ஆட்டத்தைத்தான் தடுக்கும். புயற்காற்று கூரையை மேலே தூக்கும். அதைத் தாங்க அஸ்திவாரத்தில் எடை வேண்டும். டைல்ஸ் தரையில் திருகிய போல்ட்டை நான் நம்பமாட்டேன்.