மெடிக்கல் போர்டு முன்னால் 'டீக் ஹை சார்' வேண்டாம்

பெங்களூரு மர்ஃபி டவுனிலிருந்து ஒரு முன்னாள் ஹவில்தார் கேட்டிருக்கிறார். மெட்ராஸ் எஞ்சினியர் குரூப்பில் 24 வருஷ சர்வீஸ், 2018ல் ஓய்வு. வெளியே வரும்போது ராணுவ டாக்டர்கள் நடத்திய ரிலீஸ் மெடிக்கல் போர்டில் முதுகு டிஸ்க்குக்கு 20 சதவீதம், இடது காதுக்கு 11-14 சதவீதம் என்று போட்டு, இரண்டுக்கும் சர்வீஸுக்கும் சம்பந்தமில்லை என்று எழுதிவிட்டார்கள். ஊனத்துக்கான பென்ஷன் கேட்டுப் போட்ட முதல் அப்பீல் தள்ளுபடி. இரண்டாவது அப்பீலில், கமாண்ட் ஹாஸ்பிடலில் அப்பீல் மெடிக்கல் போர்டுக்கு வரச் சொல்லிக் கடிதம் வந்திருக்கிறது. "அங்கே என்ன பார்ப்பார்கள்? என்ன கொண்டு போக வேண்டும்? அரசு ஆஸ்பத்திரியில் 45 சதவீதம் ஊனம் என்று சர்டிபிகேட் வாங்கி வைத்திருக்கிறேன், காட்டலாமா? வலியைக் கொஞ்சம் கூட்டிச் சொல்லு என்கிறார்கள் கூட இருந்தவர்கள், சொல்லலாமா?"

கடைசிக் கேள்வியிலிருந்து வருகிறேன். கூட்டிச் சொல்லாதீர்கள். ஆனால் எனக்கு உங்களைப் பற்றி இருக்கும் பயம் அதுவல்ல, நீங்கள் குறைத்துச் சொல்லிவிடுவீர்கள் என்பதுதான். 24 வருஷம் யூனிபார்மில் இருந்தவருக்கு, எதிரே ஒரு கர்னல் உட்கார்ந்து "கைசே ஹோ" (எப்படி இருக்கிறாய்) என்று கேட்டால் வாய் தானாக "டீக் ஹை சார்" (நன்றாக இருக்கிறேன் சார்) என்று சொல்லிவிடும். மெடிக்கல் கேட்டகரி (உடல்தகுதித் தரம்) இறங்கினால் பிரமோஷன் போகும், கோர்ஸ் போகும் என்று வலியை மறைத்தே பழகிய உடம்பு அது. போர்டு அறையில் அந்தப் பழக்கம் உங்களுக்கு எதிராக வேலை செய்யும்.

அதற்கு முன்னால் உங்கள் கேஸ் எங்கே நிற்கிறது என்று பாருங்கள். போர்டு இரண்டு தனித்தனிக் கேள்விகளுக்குப் பதில் எழுதுகிறது. ஒன்று, இந்தக் குறைபாடு சர்வீஸால் வந்ததா, அல்லது சர்வீஸால் கூடியதா. மற்றது, எத்தனை சதவீதம். டிஸெபிலிட்டி எலிமெண்ட், அதாவது பென்ஷனில் ஊனத்துக்காகத் தரும் பகுதி, கிடைக்க முதல் கேள்விக்கு ஆம் என்று வர வேண்டும், இரண்டாவதில் குறைந்தது 20 வர வேண்டும். உங்கள் முதுகுக்கு 20 ஏற்கெனவே எழுதியாயிற்று. அப்படியென்றால் நீங்கள் தோற்றது முதல் கேள்வியில் மட்டும்தான். அதை எந்த டாக்டரும் உங்கள் முதுகைத் தட்டிப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது, அது முழுக்கக் காகிதத்தில் இருக்கிறது. பரிசோதனை மேசையில் நீங்கள் காப்பாற்ற வேண்டியது அந்த 20ஐ. ஜெயிக்க வேண்டியது ஃபைலில். எல்லாரும் பரிசோதனையை நினைத்துத் தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டு ஃபைலை அப்படியே விட்டுவிடுகிறார்கள், அதனால்தான் இவ்வளவு நீட்டிச் சொல்கிறேன்.

சரி, ஃபைல். உங்கள் ரிலீஸ் போர்டு ஏ.எஃப்.எம்.எஸ்.எஃப்-16 என்ற படிவத்தில் இருக்கும். அதில் போர்டின் கருத்து வரும் பகுதியை எடுத்துப் படியுங்கள். சர்வீஸால் வந்ததா, சர்வீஸால் கூடியதா, சம்பந்தமே இல்லையா என்று மூன்று கட்டம், பக்கத்தில் காரணம் எழுத ஓர் இடம். அந்தக் காரணக் கட்டம்தான் உங்கள் எதிராளி. நிறையப் பேருடைய படிவத்தில் அங்கே ஒரே வாசகம்தான் இருக்கிறது: நோய் ஆரம்பித்தது பீஸ் ஸ்டேஷனில் (சண்டைப் பகுதி அல்லாத ஊரில்), ஃபீல்டு அல்லது ஹை ஆல்டிட்யூட் சர்வீஸோடு நெருங்கிய தொடர்பில்லை, ஆகவே சம்பந்தமில்லை. உங்களுடையதிலும் அப்படித்தான் இருக்கும் என்று நினைக்கிறேன், ஏனென்றால் முதுகு வலிக்காக முதல்முதலில் அட்மிட் ஆனது பெங்களூரில் என்று எழுதியிருக்கிறீர்கள்.

அதற்குப் பதில் உங்கள் வேலையிலேயே இருக்கிறது. நீங்கள் சாப்பர், எஞ்சினியர் படை வீரர். துண்டு துண்டாகக் கோத்துப் போடும் பெய்லி இரும்புப் பாலத்தின் ஒரு பேனல் கிட்டத்தட்ட 260 கிலோ, ஆறு பேர் சேர்ந்து கம்பு கொடுத்துத் தூக்குவது. அதைப் பயிற்சியிலும் ஃபீல்டிலும் எத்தனை வருஷம் தூக்கினீர்கள், எந்த கம்பெனியில், எந்த இடத்தில், லடாக்கில் இருந்தது எந்த மாதத்திலிருந்து எந்த மாதம் வரை, இதையெல்லாம் தேதியோடு ஒரே பக்கத்தில் எழுதுங்கள். வலி எப்போது தொடங்கியது, எம்.ஐ. ரூமுக்கு (யூனிட்டின் மருத்துவ அறைக்கு) முதலில் எப்போது போனீர்கள், அட்மிட் ஆனது எப்போது என்ற மூன்று தேதிகளையும் தனித்தனியாகக் காட்டுங்கள். பெங்களூரில் அட்மிட் ஆனீர்கள் என்பதால் பெங்களூரில்தான் டிஸ்க் பிதுங்கியது என்று ஆகிவிடாது. காதுக்கும் அதே மாதிரி: டெமாலிஷன் (வெடிவைக்கும்) பயிற்சி, துப்பாக்கி சுடும் ரேஞ்ச், கம்ப்ரெஸர், எங்கே எத்தனை வருஷம்.

சட்டமும் உங்கள் பக்கம் கொஞ்சம் சாய்ந்துதான் இருக்கிறது. 2013ல் தரம்வீர் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னதைச் சுருக்கமாகச் சொன்னால் இப்படி: சேரும்போது உங்கள் மெடிக்கல் ரெக்கார்டில் அந்த நோய் பற்றி ஒரு குறிப்பும் இல்லையென்றால், பின்னால் வந்தது சர்வீஸால் வந்தது என்றுதான் எடுத்துக்கொள்ள வேண்டும், இல்லை என்று நிரூபிப்பது அரசின் பொறுப்பு, போர்டு இல்லை என்று சொன்னால் காரணம் எழுதியாக வேண்டும். நீங்கள் 2018ல் வெளியே வந்தவர், ஆகவே உங்களுக்கு 2008ஆம் ஆண்டு என்டைட்டில்மென்ட் விதிகள், அதாவது இந்த பென்ஷனுக்கு யார் தகுதி என்று சொல்பவை. 21 செப்டம்பர் 2023லிருந்து வெளியே வருபவர்களுக்கான புதிய விதிகளை வாட்ஸப்பில் அனுப்பி உங்களைப் பயமுறுத்துவார்கள், அதை ஒதுக்கி வையுங்கள். 2008 விதிகளிலும் நிரூபிக்கும் சுமை சாதாரணமாக உங்கள் தலையில் இல்லை. ஓய்வு பெற்று 15 வருஷம் தாண்டி, சர்வீஸ் ரெக்கார்டுகள் அழிக்கப்பட்ட பிறகு கேட்டால்தான் அது உங்கள் மேல் விழும். கடும் குளிர், ஃபீல்டு, உயரமான மலைப்பகுதி மாதிரியான சர்வீஸ் நிலைமைகளால் நோய் சீக்கிரம் வந்தாலோ மோசமானாலோ 'சர்வீஸால் கூடியது' என்று ஒப்புக்கொள்ள அதே விதிகளில் இடமிருக்கிறது. சர்வீஸால் வந்தது என்று எழுதப் போர்டுக்கு மனசு வராவிட்டாலும், கூடியது என்ற கட்டத்தில் ஆம் விழுந்தால் போதும். ஆகவே உங்கள் அந்த ஒரு பக்கத்தில் இரண்டையும் கேளுங்கள்.

காகிதங்களை எங்கே வாங்குவது? உங்கள் ரெக்கார்ட்ஸ் ஆபீஸ் இதே ஊரில், நடந்து போகும் தூரத்தில் இருக்கிறது, இது எல்லாருக்கும் வாய்க்காது. சேரும்போது நடந்த மெடிக்கல், கேட்டகரி இறங்கிய ஒவ்வொரு போர்டின் ஏ.எஃப்.எம்.எஸ்.எஃப்-15, ஆஸ்பத்திரி அட்மிஷன் பேப்பர்கள், அடிபட்ட சம்பவம் ஏதாவது இருந்தால் ஐ.ஏ.எஃப்.ஒய்-2006 இன்ஜுரி ரிப்போர்ட், முதல் அப்பீலை ஏன் தள்ளினார்கள் என்ற குறிப்பு, இவ்வளவும் வேண்டும். வாயால் கேட்டுக் கிடைக்கவில்லையென்றால் 10 ரூபாய் கட்டி ஆர்.டி.ஐ. போடுங்கள், 30 நாளில் பதில் சொல்ல வேண்டும். போர்டு தேதி அதற்குள் வந்துவிடும் என்று தெரிந்தால் பேப்பர்களுக்காகக் காத்திருக்கிறேன் என்று முன்கூட்டியே எழுத்தில் தெரிவியுங்கள். ஆனால் போகாமல் மட்டும் இருந்துவிடாதீர்கள், வராதவர் என்று எழுதி ஃபைலை மூடினால் திரும்பத் திறப்பது பெரிய பாடு.

இப்போது பரிசோதனை. முதுகுக்கு முதலில் நடக்கச் சொல்வார்கள், குதிகாலில் ஒரு தடவை, விரல் நுனியில் ஒரு தடவை. குனியச் சொல்லி விரல் எதுவரை போகிறது என்று பார்ப்பார்கள். படுக்க வைத்து, முழங்காலை மடக்காமல் காலைத் தூக்குவார்கள். பாதி தூரத்துக்குள்ளேயே வலி தொடையைத் தாண்டிக் கீழே இறங்கினால் அது நரம்பு நசுங்குவதன் அடையாளம். அந்த இடத்தில் "இங்கே, இந்த வழியாக, பாதம் வரை" என்று கையால் காட்டிச் சொல்லுங்கள், பல்லைக் கடித்துக்கொண்டு இருக்காதீர்கள். அப்புறம் பேச்சுவாக்கில் உங்களை உட்கார வைத்து, பாதத்தைச் சோதிப்பது போல முழங்காலை நீட்டச் சொல்லலாம். இரண்டிலும் இழுபடுவது ஒரே நரம்புதான். படுத்தபோது கத்தியவர் உட்கார்ந்தபோது சும்மா இருந்தால் டாக்டருக்கு அந்த நிமிஷமே தெரிந்துவிடும், அதற்குப் பிறகு நீங்கள் சொல்லும் உண்மையான வலியையும் அவர் நம்பமாட்டார். இதனால்தான் கூட்டிச் சொல்ல வேண்டாம் என்கிறேன். இரண்டு தொடைகளையும் கெண்டைக்கால்களையும் டேப் வைத்து அளப்பார்கள், ஒரு பக்கம் இளைத்திருந்தால் அதற்கு யாரும் சாட்சி சொல்ல வேண்டியதில்லை. அளக்காவிட்டால், "சார், இந்தக் கால் இளைத்திருக்கிறது, அளந்து பாருங்கள்" என்று மரியாதையாகக் கேட்கலாம், தப்பே இல்லை.

காதுக்கு முதுகைக் காட்டி நிற்க வைத்து, ஆறு மீட்டர் தள்ளி நின்று சாதாரணக் குரலிலும் கிசுகிசுப்பிலும் பேசிப் பார்ப்பார்கள். அதோடு ஆடியோமெட்ரி (கருவி வைத்துக் கேட்கும் திறனை அளப்பது) கட்டாயம் வேண்டும் என்று கேளுங்கள். முந்தின வாரம் ஜலதோஷம் பிடித்திருந்தாலோ காதில் அழுக்கு அடைத்திருந்தாலோ முன்பே சொல்லிவிடுங்கள். காதுக்குத் தனியாக 20க்குக் கீழே வந்தால் அதற்கென்று பணம் கிடையாது, 20க்குக் கீழே இருப்பதை ரவுண்ட் செய்து தர முடியாது என்று எஸ்.பி. ராத்தோர் வழக்கில் 2019ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆனாலும் காதை விட்டுவிடாதீர்கள். இரண்டும் ஒப்புக்கொள்ளப்பட்டால் சேர்த்து ஒரு கூட்டுச் சதவீதம் போடுவார்கள், அது நேராகக் கூட்டும் கணக்கு இல்லையென்றாலும் ஒற்றையை விட அதிகமாகத்தான் வரும்.

"என்ன கஷ்டம்?" என்று கேட்டால் வெறுமனே "வலிக்குது சார்" என்று நிறுத்தாதீர்கள். எத்தனை நிமிஷம் உட்கார முடிகிறது, அல்சூரிலிருந்து மெஜஸ்டிக் வரை பஸ்ஸில் நின்றுகொண்டு போக முடிகிறதா, 20 லிட்டர் தண்ணீர் கேனை யார் மேலே தூக்குகிறார்கள், ஷூ லேஸ் கட்டுவது யார், ராத்திரி எத்தனை தடவை எழுந்திருக்கிறீர்கள், மாதத்தில் எத்தனை நாள் படுக்கையோடு போகிறது. நல்ல நாளைப் பற்றிக் கேட்டால் அதையும் உள்ளபடி சொல்லுங்கள். முந்தின நாள் வீட்டம்மாவோடு உட்கார்ந்து இதை எழுதுங்கள், உங்களுக்குப் பழகிப்போய் மறந்துவிட்டதெல்லாம் அவருக்கு ஞாபகம் இருக்கும். ஹிந்தியில் சரியாகச் சொல்ல வராது என்றால் எழுதியதையே கொடுங்கள்.

அந்த 45 சதவீத சர்டிபிகேட் 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் சட்டத்துக்கானது. பஸ், ரயில், அரசு உதவித் திட்டங்களுக்கு அது உதவும், ராணுவ போர்டை அது கட்டுப்படுத்தாது, அவர்கள் அளவுகோல் வேறு. காட்டலாம், ஆனால் அடியில் வையுங்கள். மேலே இருக்க வேண்டியது 2018ஐ ஒட்டி எடுத்த எம்.ஆர்.ஐ., அன்றிலிருந்து ஈ.சி.எச்.எஸ். (முன்னாள் ராணுவத்தினர் மருத்துவத் திட்ட) பாலிகிளினிக்கில் தொடர்ந்து பார்த்த சீட்டுகள். போன மாதம் எடுத்த எம்.ஆர்.ஐ.யை மட்டும் நீட்டினால், இது வயதால் வந்த தேய்மானம், ஓய்வுக்குப் பிறகு வந்தது என்று எழுத நீங்களே வழி காட்டிய மாதிரி ஆகிவிடும். பழையதும் புதியதும் சேர்ந்து போனால் அதே நோய் தொடர்ந்து வந்திருக்கிறது என்பது தெரியும்.

ஒரு விஷயம் கெஞ்சிக் கேட்கிறேன். போர்டுக்கு முன்னால் மாத்திரையை நிறுத்து, அப்போதுதான் நோய் தெரியும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். பி.பி. மாத்திரையையும் சுகர் மாத்திரையையும் நிறுத்திவிட்டுப் போய் நிற்பது உயிரோடு விளையாடுவது. மாத்திரை சாப்பிடுகிறேன் என்பதே நோய்க்குச் சாட்சி, சீட்டைக் காட்டுங்கள் போதும்.

பணம் எவ்வளவு என்று நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் தெரிந்துகொள்ளுங்கள். 100 சதவீதத்துக்குக் கடைசிச் சம்பளத்தில் 30 சதவீதம். 45,000 என்று வைத்துக்கொண்டால் 13,500. 20 சதவீதத்துக்கு அதில் 2,700தான். ஆனால் 50க்குக் கீழே இருப்பதை 50 ஆக எடுத்துக்கொள்ளும் பிராட் பேண்டிங் இருக்கிறது, அப்போது 6,750, மேலே அகவிலைப்படி. சர்வீஸ் முடித்து ஓய்வு பெற்றவர்களுக்கும் இது உண்டு என்று 10 டிசம்பர் 2014ல் ராம் அவ்தார் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. தானாகப் போட்டுவிடுவார்கள் என்று இருக்காமல் மனுவிலேயே கேட்டு வையுங்கள்.

போர்டு முடிந்ததும் எதிலாவது கையெழுத்துக் கேட்டால் படித்துவிட்டுப் போடுங்கள். உங்கள் சொந்த வாக்குமூலம் என்று ஒரு பகுதி இருந்தால் நோய் எங்கே, எப்போது ஆரம்பித்தது என்ற வரியை யாரோ கிளார்க் நிரப்ப விடாதீர்கள். நடவடிக்கைக் குறிப்பின் நகலும் கேளுங்கள், தரவில்லையென்றால் மறுபடி ஆர்.டி.ஐ.

இரண்டாவது அப்பீலும் தள்ளுபடியானால் அடுத்தது ஆர்ம்டு ஃபோர்சஸ் ட்ரிப்யூனல் (ராணுவத்தினருக்கான தீர்ப்பாயம்), கர்நாடகத்துக்குக் கொச்சி பெஞ்ச். கடைசி உத்தரவிலிருந்து ஆறு மாதத்துக்குள் போக வேண்டும். தாமதமானாலும் பென்ஷன் மாதாமாதம் தொடரும் பாதிப்பு என்பதால் கதவு அடியோடு மூடிவிடாது, ஆனால் 2008ன் தர்செம் சிங் தீர்ப்புப்படி நிலுவை பொதுவாக மனு போட்ட தேதிக்கு முந்தின மூன்று வருஷத்துக்குத்தான் கிடைக்கும். ஒவ்வொரு மாதம் தள்ளிப் போடும்போதும் ஒரு மாத நிலுவை கையை விட்டுப் போகிறது. ஆகவே போர்டு முடிவு வரும்வரை சும்மா இருக்காமல், மேலே சொன்ன ஆர்.டி.ஐ. மனுவை இந்த வாரமே ரெக்கார்ட்ஸில் கொடுத்து ரசீது வாங்கிவிடுங்கள், அதே பேப்பர்கள் போர்டுக்கும் ஆகும், ட்ரிப்யூனலுக்கும் ஆகும்.