ஒரே உடைசல், இரண்டு காரணம்

அன்புள்ள ஐயா,

கானாடுகாத்தான் பக்கம் ஒரு பழைய செட்டியார் வீட்டைத் தங்கும் விடுதியாக்கி நடத்துகிறார்கள். அங்கே நான் மேலாளர். வயது 47, குடும்பஸ்தன். எட்டு மாதம் முன்பு வரவேற்பில் சேர்ந்த ஒரு பெண்ணை மேற்பார்வையாளர் ஆக்கலாம் என்று பரிந்துரை எழுதி வைத்திருக்கிறேன். 11 வருடமாக வேலை பார்க்கும் இன்னொரு அம்மாவைத் தாண்டித்தான். தகுதி பார்த்தே செய்கிறேன் என்று நம்பினேன். போன வாரம் அந்தப் பெண் நாலு நாள் விடுப்பில் போனார். எனக்கு விடுதிக்குப் போகவே பிடிக்கவில்லை. அப்போதுதான் உறைத்தது. இதுவரை தப்பாக ஒரு வார்த்தை பேசியதில்லை. நான் செய்தது தவறா?

பெயர் வேண்டாம்.

அன்புள்ள நண்பருக்கு,

ஒருவரைப் பிடித்துப்போவது நம் கையில் இல்லை. அதற்காக உங்களைத் திட்டப் போவதில்லை. ஆனால் பேனா உங்கள் கையில்தானே இருக்கிறது?

24 வயதில் நான் ஆத்தங்குடியில், தரையில் பதிக்கும் பூக்கல் செய்யும் ஒரு பட்டறையில் கணக்கு எழுதினேன். கண்ணாடி மேல் அச்சை வைத்துச் சாயக் கலவையை ஊற்றி, அதன் முதுகில் மணலும் சிமெண்டும் போட்டு, தொட்டித் தண்ணீரில் ஊற வைப்பார்கள். காய்ந்தபின் கண்ணாடியைப் பிரித்தால் கல்லின் முகம் பளபளக்கும். மூலை உடைந்தால் கழிவு. ஏன் உடைந்தது என்று எழுதுவது என் வேலை. கலவைக் கோளாறு என்றால் நட்டம் பட்டறைக்கு. கைத்தவறு என்றால் அடுக்கியவர் கூலியில் பிடித்தம்.

அடுக்கியவர்கள் இரண்டு பேர். ஒருவர் ஐம்பதைத் தாண்டிய அம்மா, இன்னொருவர் என் வயதுப் பெண். மாதக் கடைசியில் முதலாளி நோட்டைப் புரட்டிவிட்டு, "ஏம்ப்பா, இந்தப் புள்ள கைக்கு வந்தா மட்டும் கலவை சரியில்லாமப் போகுதா?" என்றார். வாங்கிப் பார்த்தேன். என் கையெழுத்துதான். ஒரே மாதிரி மூலை உடைசல். அந்த அம்மா பெயருக்கு நேரே கைத்தவறு, இந்தப் பெண் பெயருக்கு நேரே கலவை. எழுதும்போது ஒரு தடவைகூடப் பொய் எழுதுகிறோம் என்று தோன்றவில்லை.

அப்புறம் செய்தது இன்னும் மோசம். நேர்மையைக் காட்டுகிறேன் என்று மறுவாரம் நிஜமான கலவைக் கோளாறுக்கும் அந்தப் பெண் கூலியைப் பிடித்தேன். அதுவும் அவர் முகத்தைப் பார்த்து எழுதியதுதான். ஆகவே, தயவுசெய்து இப்போது விறைப்பாக மாறிவிடாதீர்கள்.

"அறம்பொருள் இன்பம் உயிரச்சம்" என்ற 501-ஆம் குறளுக்குப் பரிமேலழகர் உரையில் ஒரு சோதனை வருகிறது. அமைச்சனாக எடுக்கப்போகிறவனிடம் ஒரு தவமுதுமகளை, அதாவது வயதான தவப்பெண்ணை அனுப்பி, அரசனின் அந்தப்புரப் பெண்களில் ஒருத்தி உன்மேல் ஆசைப்படுகிறாள் என்று சொல்ல வைப்பார்கள். மயங்குகிறானா என்று பார்ப்பார்கள். அந்தச் சோதனையில் நீங்களும் தேறியிருப்பீர்கள், நானும் தேறியிருப்பேன். ஆசை ஆசையாகவே வந்து கதவைத் தட்டினால் அடையாளம் தெரிந்துவிடுமே. நம்மிடம் அது 'நல்லாப் பேசுறார்', 'சீக்கிரம் கத்துக்கிறார்' என்று தகுதிச் சான்றிதழோடு வருகிறது. அந்தச் சான்றிதழ் உண்மையாகவும் இருக்கலாம் என்பதுதான் சிக்கல்.

சட்டத்தைப் பற்றியும் ஒரு வரி. பணியிடப் பாலியல் துன்புறுத்தல் பற்றிய 2013 சட்டம் பெண் விரும்பாத நடத்தையைத்தான் கேட்கும். வேலைக்குப் போகப் பிடிக்காத நாலு நாளை அது கேட்காது.

அந்தப் பெண்ணை நினைத்துப் பாருங்கள். அவருக்கு உண்மையிலேயே தகுதி இருந்து, உங்கள் கையால் பதவி கிடைத்தால், சமையற்கட்டில் என்ன பேசுவார்கள்? அவர் உழைத்து வாங்கியதை உங்கள் மனசு வாங்கிக் கொடுத்ததாக ஆக்கிவிடுவார்கள். விஷயமே தெரியாமல் அவர் அதைச் சுமக்க வேண்டும்.

பர்மாவுக்கும் மலாயாவுக்கும் கொண்டுவிக்க, அதாவது செட்டியார்களின் வட்டிக்கடைகளைப் பார்த்துக்கொள்ளப் போன மேலாட்கள் எவ்வளவு நம்பிக்கையானவர்களாக இருந்தாலும் ஊருக்குக் கணக்கு அனுப்பியாக வேண்டும். இங்கே உட்கார்ந்திருந்த முதலாளி அதைப் பார்ப்பார். அதை யாரும் அவமானமாக எடுத்துக்கொள்ளவில்லை. நீங்களும் உங்கள் முதலாளியிடம், "இந்த இரண்டு பேர் விஷயத்தில் நான் முடிவெடுப்பது சரியாக இருக்காது, நீங்களே பார்த்துப் பேசி முடிவு செய்யுங்கள்" என்று சொல்லுங்கள். காரணத்தை விளக்க வேண்டியதில்லை. அந்தப் பெண்ணிடம் போய் மன்னிப்பு, மனம் திறப்பு என்று எதையும் ஆரம்பிக்கவே வேண்டாம்.

முதலாளியிடம் பேசுவதற்கு முன், அந்த 11 வருடத்து அம்மாவின் விடுப்புச் சீட்டுகளையும் தாமதக் குறிப்புகளையும் எடுத்துப் பாருங்கள். அவற்றில் நீங்கள் எழுதிய காரணங்களையும் சேர்த்து.