மெஷினில் உட்காருவது யார்?

கேள்வி: வீட்டிலேயே தையல் வேலை செய்கிறேன். முத்ரா கடன் வாங்கி, 4,35,000 ரூபாய் கொடுத்து கம்ப்யூட்டர் எம்ப்ராய்டரி மெஷின் வாங்கி 14 மாதம் ஆகிறது. முதல் மாதத்திலிருந்தே நூல் அறுந்துகொண்டே இருக்கிறது. டிசைன் பாதியில் நகர்ந்துவிடுகிறது. சர்வீஸ் ஆள் ஏழு முறை வந்து போய்விட்டார். பணத்தைத் திருப்பிக் கேட்டால், "நீங்கள் வியாபாரத்துக்கு வாங்கியவர், கன்ஸ்யூமரே கிடையாது. ஆர்டர் ஃபார்மில் கையெழுத்துப் போட்டிருக்கிறீர்கள். கேஸ் போடுவதென்றால் சூரத்தில்தான் போட வேண்டும்" என்கிறார்கள். உதவிக்கு ஒரு பெண்ணைச் சம்பளத்துக்கு வைத்திருக்கிறேன். நான் வழக்கு போட முடியுமா? – ஈரோடு வாசகி

பதில்: முடியும். ஈரோட்டிலேயே முடியும். சூரத்துக்கு டிக்கெட் போட வேண்டாம்.

நீங்கள் அனுப்பிய ஆர்டர் ஃபார்மின் பின்பக்கத்தைப் பார்த்தேன். வெளிர் சாம்பல் நிறத்தில், எறும்பு ஊர்வது போன்ற எழுத்தில் 23 நிபந்தனைகள். கண்ணாடி போட்டும் எனக்குப் பாதிதான் தெரிந்தது. அதில் உங்களை மிரட்ட அவர்கள் காட்டுவது இரண்டு: சூரத் நீதிமன்றம் மட்டுமே என்பது ஒன்று, தகராறு வந்தால் ஆர்பிட்ரேட்டர் எனப்படும் மத்தியஸ்தரிடம் போக வேண்டும் என்பது இன்னொன்று. 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 34-ஆவது பிரிவு, புகார்தாரர் குடியிருக்கும் ஊரிலேயே வழக்கு போடலாம் என்கிறது. அச்சடித்த ஒரு வரி சட்டத்தை மாற்றிவிடாது. மத்தியஸ்த நிபந்தனை இருந்தாலும் நுகர்வோர் ஆணையத்தின் கதவு அடைபடாது என்பதை எமார் எம்ஜிஎஃப் எதிர் அஃப்தாப் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2018-லேயே சொல்லிவிட்டது. இந்த இரண்டையும் இத்தோடு விடுங்கள்.

உண்மையான சண்டை 'நீங்கள் கன்ஸ்யூமரா' என்பதில்தான் நடக்கும். சற்று பொறுமையாகப் படியுங்கள். வணிக நோக்கத்துக்காகப் பொருள் வாங்கியவர் நுகர்வோர் இல்லை; அதுதான் பொது விதி. கம்பெனி வக்கீல்கள் அதோடு புத்தகத்தை மூடிவிடுவார்கள். அடுத்த வரியை நீங்கள் படிக்க வேண்டும். சுயதொழில் செய்து பிழைப்பு நடத்துவதற்காக மட்டுமே வாங்கிப் பயன்படுத்தினால், அது வணிக நோக்கம் ஆகாது.

இதை விளக்கிச் சொன்னது 1995-இல் உச்ச நீதிமன்றத்திலிருந்து வந்த லட்சுமி இன்ஜினியரிங் ஒர்க்ஸ் தீர்ப்பு. ஆட்டோ வாங்கித் தானே ஓட்டிப் பிழைப்பவர் நுகர்வோர். லேத் என்ற கடைசல் மெஷினை வாங்கித் தானே ஓட்டுபவரும் நுகர்வோர். துணைக்கு ஒன்றிரண்டு ஆட்களை வைத்துக்கொண்டாலும் அவர் நுகர்வோராகவே இருக்கிறார். அதே ஆட்டோவை, அதே லேத்தை முழுக்க இன்னொருவர் ஓட்டுவதற்காக வாங்கிப் போட்டால், அவர் நுகர்வோர் இல்லை. ஆக, மெஷினின் விலை என்ன, அதில் எத்தனை ஊசி இருக்கிறது, மாதம் எவ்வளவு வருமானம் என்பதெல்லாம் பின்னால் வரும் கேள்விகள். அந்த மெஷின் முன்னால் தினமும் உட்காருவது யார்? நீங்கள்தானே ஃப்ரேம் மாட்டுகிறீர்கள், நூல் கோக்கிறீர்கள், அந்தப் பெண் துணி மடித்து நூல் பிசிறு வெட்டுகிறாள் என்றால், நீங்கள் அந்தத் தீர்ப்பில் வரும் லேத்காரரேதான். இதே வழக்கில் மெஷின் வாங்கிய கம்பெனி தோற்றுப்போனது என்பதையும் மறைக்காமல் சொல்கிறேன். அங்கே இருந்தது தொழிற்கூடம். உங்கள் வீட்டில் இருப்பது ஒரு முன்னறை.

எதிர்த்தரப்பு வக்கீல் தீர்ப்பின் முன்பாதியை மட்டும் வாசிப்பார். அப்போது நீங்கள் பாரமவுண்ட் டிஜிட்டல் கலர் லேப் வழக்கைக் காட்டுங்கள். வேலையில்லாத இரண்டு பட்டதாரிகள் கூட்டாகச் சேர்ந்து பிழைப்புக்காக வாங்கிய போட்டோ பிரிண்டிங் மெஷின் அது. அவர்களும் நுகர்வோரே என்று 2018-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது.

உங்கள் முத்ரா கடன் தாள்களைப் பத்திரமாக வையுங்கள். சுயதொழிலுக்கு என்று வங்கியே எழுதிக் கொடுத்த சாட்சி அது. மெஷின் வாங்கியபோது "ஜிஎஸ்டி நம்பர் போட்டால் வரி திரும்பக் கிடைக்கும்" என்று சொல்லி ஏதோ ஒரு கடைப் பெயரில் பில் போட்டிருக்கிறார்களா என்று பாருங்கள். அப்படிப் போட்டிருந்தாலும் வழக்கு செத்துவிடாது. ஆனால் குறுக்கு விசாரணையில் அந்தப் பில்லைத்தான் முதலில் நீட்டுவார்கள்.

இனி, எனக்கு எரிச்சல் மூட்டும் விஷயம். ஆணையத்தின் வாசலில் டீக்கடைப் பக்கமாக ஒரு மனிதர் நிற்பார். விசிட்டிங் கார்டில் சிங்க முகம் போல ஏதோ ஒரு முத்திரை, 'நுகர்வோர் பாதுகாப்பு' என்று தொடங்கும் நீளமான பெயர், கீழே அரசுப் பதிவு எண். "வக்கீல் எல்லாம் எதுக்கும்மா, நோட்டீஸுக்கு 5,000 கொடுங்க, வர்றதுல 20 சதவீதம் போதும்" என்பார். ஒரு விவசாயி என்னிடம் வந்தபோது வழக்கே முடிந்துபோயிருந்தது. பம்ப்செட் கம்பெனியிடம் தனியாகப் பேசி, 'இனி எந்தக் கோரிக்கையும் இல்லை' என்ற தாளில் அவரிடம் கையெழுத்து வாங்கிக் கொடுத்திருந்தார் இப்படிப்பட்ட ஒருவர். விவசாயியின் கைக்கு வந்தது 8,000 ரூபாய். அந்தக் கம்பெனியிடம் அந்த மனிதர் எவ்வளவு வாங்கினாரோ, யார் கண்டது! கொடுத்த விலை ஐந்து லட்சத்துக்குள் இருந்தால் ஆணையத்தில் கட்டணமே கிடையாது. நீங்களே மனு கொடுக்கலாம், நீங்களே வாதாடலாம். இ-ஜாக்ரிதி தளத்தில் வீட்டிலிருந்தே பதிவும் செய்யலாம். இதில் 20 சதவீதம் எதற்கு?

வக்கீல் வைத்தாலும் ஒன்றைக் கவனியுங்கள். அந்த 2019 சட்டத்தில் 'நியாயமற்ற ஒப்பந்தம்' என்று ஒரு அழகான பிரிவு இருக்கிறது. உங்கள் ஆர்டர் ஃபார்ம் அதற்கு உதாரணமாக அச்சடித்தது போலவே இருக்கிறது. ஆசைப்பட்டு அதை மனுவில் எழுதிவிடாதீர்கள். நியாயமற்ற ஒப்பந்தம் பற்றிய புகாரை மாநில ஆணையம்தான் விசாரிக்க முடியும், மாவட்ட ஆணையத்துக்கு அந்த அதிகாரமில்லை. எழுதினால் மனு திரும்பி வரும், சென்னைக்கு அலைவீர்கள். எளிய மனிதனுக்கென்று ஒரு உரிமையைக் கொடுத்துவிட்டு, அதை அவன் கைக்கு எட்டாத பரணில் வைத்தவர்களை என்னவென்று சொல்வது? மெஷினில் குறைபாடு, சேவையில் குறைபாடு என்ற இரண்டோடு நிறுத்திக்கொள்ளுங்கள். டீலர், தயாரித்த கம்பெனி இருவரையும் எதிர்த்தரப்பாகச் சேருங்கள்.

சர்வீஸ் ஆள் ஏழு முறை வந்தார் என்றீர்களே, ஏழு முறையும் ஜாப் ஷீட்டில் கையெழுத்துப் போட்டீர்களா? அதன் அடியில் 'வேலை திருப்தி' என்று ஒரு கட்டம் இருக்கும். பெரும்பாலும் அவரே டிக் அடித்துவிட்டுத்தான் உங்களிடம் நீட்டுவார். ஏழு திருப்தியைக் காட்டினால் ஆணையம் என்ன நினைக்கும்? அடுத்த முறை வரும்போது, கையெழுத்துக்கு மேலே உங்கள் கையால் எழுதுங்கள்: 'இன்று மதியம் 3 மணிக்கு ஓட்டிப் பார்த்ததில் நான்காவது ஊசியில் மறுபடி நூல் அறுந்தது.' எழுத விடவில்லை என்றால் கையெழுத்துப் போடாதீர்கள். நடந்ததை அன்றைக்கே கம்பெனிக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள்.

அவர்கள் ஆள் அனுப்பிக்கொண்டே இருப்பதற்கும் காரணம் உண்டு. வழக்கு போட இரண்டு வருடம்தான் அவகாசம். சர்வீஸ் ஆள் வருவதால் அது நீளாது, நோட்டீஸ் அனுப்புவதாலும் நீளாது, 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிவதாலும் நீளாது. 'பார்க்கிறோம் மேடம்' என்பதிலேயே உங்கள் 14 மாதம் போய்விட்டது. வாங்கிய தேதியிலிருந்தே எண்ணுங்கள். இன்னும் பத்து மாதம் இருக்கிறது, அதில் பத்து வாரம்கூடக் காத்திருக்க வேண்டாம்.

மூன்று மாதத்தில், பரிசோதனை தேவைப்பட்டால் ஐந்து மாதத்தில் வழக்கை முடிக்க வேண்டும் என்கிறது சட்டம். அதை நம்பிக் கடன் தவணைக்குத் திட்டம் போடாதீர்கள். ஆணையத்தின் தலைவர் ஓய்வு பெற்றால் அடுத்தவர் வரும்வரை நாற்காலி காலி. உறுப்பினர் இல்லாத நாளில் வாய்தா. எதிர்த்தரப்பு வக்கீலுக்குத் தலைவலி என்றால் இன்னொரு வாய்தா. எதிர்த்தரப்பு பதில் சொல்ல 30 நாள், மேற்கொண்டு 15 நாள், அதற்கு மேல் ஒருநாளும் கிடையாது என்று 2020-இல் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் கொண்ட அமர்வு தீர்ப்பளித்திருக்கிறது. 46-ஆவது நாள் அதை எழுந்து நின்று ஞாபகப்படுத்த வேண்டிய வேலை உங்களுடையது.

மனு கொடுத்ததும் கம்பெனி திடீரென்று கனிவாகப் பேசும். "மெஷினை அனுப்புங்கள், ஃபேக்டரியில் வைத்துப் பார்த்துத் தருகிறோம்" என்பார்கள். அனுப்பாதீர்கள். மெஷின் உங்கள் முன்னறையில் இருக்கும்வரைதான் அது சாட்சி. நிபுணர் ஒருவரை அனுப்பிச் சோதிக்க வேண்டும் என்று மனுவோடு சேர்த்தே ஒரு விண்ணப்பம் கொடுங்கள். அவர் வரும் நாளில், நூல் அறுந்துபோன அந்தப் பாதி மயில் டிசைன் துணிகளையும் எடுத்து வையுங்கள்.