சுருக்கெழுத்தில் பிறந்த பிப்பி

கேள்வி: ‘பிப்பி லாங்ஸ்டாக்கிங்’ கதையை எழுதிய ஆஸ்ட்ரிட் லிண்ட்கிரன் எப்படி எழுத்தாளரானார்? பதின்மூன்று வயதாகும் என் மகளுக்கு அவருடைய நூல்களில் எதை வாங்கிக் கொடுக்கலாம்?
– வாசகி ஒருவர், கும்பகோணம்

பதில்: லிண்ட்கிரன் (1907–2002) சுவீடனில் விம்மர்பி என்னும் சிற்றூரை ஒட்டிய பண்ணையில் பிறந்தவர்; தட்டச்சும் சுருக்கெழுத்தும் கற்று ஸ்டாக்ஹோமில் அலுவலக வேலை பார்த்தவர். 1941-இல் நிமோனியாவால் படுத்திருந்த மகள் காரின், அந்த நொடியில் தன் வாயில் வந்த பெயரைச் சொல்லி, “பிப்பி லாங்ஸ்ட்ரும்ப் கதை சொல்லு” என்று கேட்டாள். (‘லாங்ஸ்டாக்கிங்’ என்பதன் சுவீடிய மூலப்பெயரே லாங்ஸ்ட்ரும்ப்.) பெயரே விசித்திரமாக இருந்ததால் கதாநாயகியும் விசித்திரமானவளானாள். 1944-இல் பனியில் வழுக்கி விழுந்து, கால் சுளுக்கிப் படுக்கையில் கிடந்தபோதுதான் அக்கதைகளைச் சுருக்கெழுத்தில் எழுதி, மகளின் பத்தாவது பிறந்தநாளுக்குப் பரிசாக அளித்தார். குழந்தைகள் நலக் குழுவிடம் தம்மைப் பற்றிப் புகார் செய்துவிட மாட்டீர்கள் என நம்புவதாகக் குறும்பாக ஒரு கடிதம் இணைத்துப் பிரதியைப் போனியர் பதிப்பகத்துக்கு அனுப்பினார். அது திரும்பி வந்தது. திருத்தி எழுதிய பிப்பி, 1945-இல் வேறொரு பதிப்பகத்தின் போட்டியில் முதல் பரிசு பெற்றது.

அந்தப் பதிப்பகத்திலேயே 1946 முதல் 1970 வரை சிறுவர் நூல்களின் பதிப்பாசிரியராக இருந்தார். காலையில் படுக்கையில் அமர்ந்தபடியே சுருக்கெழுத்தில் தம் கதை, பிற்பகலில் அலுவலகத்தில் பிறர் கதை. அவருடைய சுருக்கெழுத்துக் குறிப்பேடுகள் 600-க்கும் மேல் எஞ்சியிருக்கின்றன. (நம் ஊர் இன்ஸ்டிடியூட்டுகளில் சுருக்கெழுத்து படித்தவர்கள் இதைக் கேட்டுச் சற்றே நிமிர்ந்து உட்காரலாம்.)

பிப்பி எட்டு வயதுக்கு உரியவள். உங்கள் மகளுக்கு 1981-இல் வந்த ‘ரோன்யா’ பொருந்தும்: கொள்ளைத் தலைவனின் மகள், எதிரிக் கூட்டத்துப் பையனோடு நட்புக் கொண்டு, தந்தையின் தொழிலையே மறுக்கிறாள். ஆயினும் என் கணிப்பில் அவருடைய ஆகச் சிறந்த படைப்பு, 1973-இல் வெளிவந்த ‘லயன்ஹார்ட் சகோதரர்கள்’. தொடக்கத்தில், தீப்பற்றிய வீட்டிலிருந்து நோயாளித் தம்பியை முதுகில் சுமந்து குதித்து அண்ணன் இறக்கிறான். முடிவில், உடல் அசைவற்றுப்போன அண்ணனைத் தம்பி முதுகில் சுமந்து, இருட்டில் மலைமுகட்டிலிருந்து குதிக்கிறான். சாவைச் சிறுவர்களுக்கு இப்படியா காட்டுவது என்று அன்றே விமர்சகர்கள் கண்டித்தார்கள். அக்கண்டனத்தை நான் ஏற்கவில்லை. எனினும் அந்தக் கடைசி அத்தியாயத்தை நீங்களும் மகளுடன் அமர்ந்து படியுங்கள்.