தோய்க்கிற மெசினும் ‘நிம்மதி ஒப்பந்தமும்’

தம்பி, ஒஸ்லோவுக்கு வந்து மூன்று மாதம், உடுப்புத் தோய்க்கிற மெசின் வாங்கப் போன கடையில் விற்கிற பெடியன் “ஐந்து வருட நிம்மதி ஒப்பந்தம், 1,500 குரோணர்தான்” என்று, பழுதானால் திருத்தித் தருகிற பேப்பர் ஒன்றை விற்க விடாமல் நின்றான், எடுக்கிறதோ விடுகிறதோ என்று கேட்டிருந்தீர்.

எடுக்கவேண்டாம். ஆனால் ஏன் வேண்டாம் என்று தெரியாமல் விட்டீர் என்றால், மெசின் நிற்கிற அன்றைக்கு அதே கடையில் போய்க் கையைப் பிசைந்துகொண்டு நிற்பீர். அதனால் கொஞ்சம் நீட்டி எழுதுகிறேன்.

நான் 1987இல் இங்கே ‘ஃபோல்க ஹொய்ஸ்கூல’ என்கிற விடுதிப் பள்ளியில் படிக்கிற விசாவில் வந்தவன். பிறகு வடக்கு மூலையில் ஃபின்மார்க்கில் மீன் வெட்டி, அதற்குப் பிறகுதான் ஒஸ்லோ. 2006இல் உலகக் கிண்ண உதைபந்தாட்டம் பார்க்கவென்று நானும், மேல்மாடியில் இருந்த ஓர் அண்ணையும் ஒரே நாள், ஒரே கடையில், ஒரே தட்டை ரி.வி. வாங்கினோம். நான் 1,490 குரோணர் கூடக் கொடுத்து ஐந்து வருட ஒப்பந்தம் எழுதினேன். அண்ணை “உந்தப் பேப்பர் எனக்கு வேண்டாம்” என்றார். சட்டம் தெரிந்து சொன்னார் என்று நினைக்கவேண்டாம். அவர் பாணுக்குக் கூட விலை பார்த்துத்தான் கடை மாறுகிறவர்.

மூன்றாம் வருட மாரியில் என்னுடைய ரி.வி.யில் மேலிருந்து கீழாகப் பச்சைக் கோடு ஒன்று விழுந்தது. நான் ஒப்பந்தப் பேப்பரை மடிப்புக் குலையாமல் கொண்டுபோனேன், எடுத்தார்கள். இரண்டு கிழமையால் அண்ணையின் ரி.வி.யிலும் அதே கோடு. அவர் போனபோது “கரந்தி (உத்தரவாதம்) முடிந்துவிட்டது” என்று திருப்பி அனுப்பினார்கள். அப்போது அவருடைய மகள் மேல்நிலைப் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தாள். அவள் நாலு வரியில் ஒரு கடிதம் எழுதினாள், அதில் ‘ரெக்லமஷூன்’, சட்டப்படி முறையிடுகிறது, என்ற சொல் இருந்தது. கடைசியில் இரண்டு ரி.வி.யும் ஒரே வான் வண்டியில் வந்து இறங்கின. இரண்டுக்கும் திருத்தினதுக்குக் காசு எடுக்கவில்லை. “உன்ரை 1,490க்கு என்னடா தந்தவங்கள்?” என்று அவர் இன்றைக்கும் கேட்பார். எனக்குத்தான் பதில் இல்லை.

அந்தப் பிள்ளை அறிந்து வைத்திருந்தது இதுதான். நோர்வேயில் 2002இல் வந்த நுகர்வோர் கொள்வனவுச் சட்டம் ஒன்று இருக்கிறது. கடையில் வாங்கின பொருள் பிழையாக இருந்தால் 2 வருடம் வரைக்கும் முறையிடலாம். இரண்டு வருடத்தை விட நன்றாகக் கூடுதலாக உழைக்கவேண்டிய பொருள் என்றால் 5 வருடம். தோய்க்கிற மெசின், குளிர்சாதனப் பெட்டி, ரி.வி., லப்டொப் எல்லாம் இந்த ஐந்துக்குள் வரும். போன் வருமோ இல்லையோ என்று ஒரு காலம் இழுபறியாகக் கிடந்தது. 2007இல் உச்ச நீதிமன்றமே அதுவும் ஐந்து வருடப் பொருள்தான் என்று தீர்த்துவிட்டது. கடைக்காரர் ஐந்து வருடத்துக்கு விற்கிற நிம்மதியில் பெரும்பகுதி, நீர் மெசினுக்குக் காசு கட்டின அந்த நிமிடமே உம்முடைய கைக்கு வந்துவிட்டது. இருக்கிறதையே திருப்பி விற்கிறார்கள்.

பாரிஸில் இருக்கிற என்ரை மச்சான் இதை நம்பவே மாட்டான். அவர்களுக்கு 2 வருடம். பக்கத்து சுவீடனில் 3. அதனால் எல்லைக்கு அங்காலை சுவினெசுந் பக்கம் இறைச்சி வாங்கப் போகிற வழியில், விலை மலிவு என்று ரி.வி.யையும் தூக்கிக்கொண்டு வந்துவிடாதேயும். பழுதானால் எல்லை தாண்டித்தான் கொண்டுபோகவேண்டும், அதுவும் அவர்களுடைய சட்டப்படி.

இங்கே ‘கரந்தி’ வேறு, ‘ரெக்லமஷூன்’ வேறு. கரந்தி என்பது கொம்பனி தானாக விரும்பிக் கொடுக்கிற உறுதி. ஒரு வருடமாகவும் இருக்கலாம், இல்லாமலும் போகலாம். ரெக்லமஷூன் சட்டம் கொடுத்த உரிமை, அதைக் கடைக்காரர் குறைக்க முடியாது. நீர் போய் “கரந்தி இருக்கோ?” என்று கேட்டால் “முடிந்துவிட்டது” என்பார்கள். பொய்யும் இல்லை, கேட்டதற்குத்தான் பதில். “ரெக்லமேர பண்ண வந்திருக்கிறன்” என்று சொல்லும். கதையே மாறும். “கொம்பனிக்குப் போன் அடியும்” என்றாலும் விலகவேண்டாம், விற்ற கடைதான் உமக்குப் பொறுப்பு. திருத்துகிற செலவும் ஏற்றி இறக்குகிற செலவும் அவர்களுடையது. ஒரே பிழைக்கு வழக்கமாக இரண்டு தரம் திருத்திப் பார்க்க அவர்களுக்கு வாய்ப்புண்டு, அதற்கும் சரிவராவிட்டால் காசைத் திருப்பிக் கேட்கலாம். ஒரு கிழமைக்கு மேல் மெசின் இல்லாமல் இருக்கவேண்டி வந்தால் மாற்றுப் பொருளும் கேட்கலாம். கனபேர் இதைக் கேட்பதே இல்லை.

ஆனால் இந்த ஐந்து வருடம் எல்லாவற்றுக்கும் இல்லை. பிழை பொருளில் இருக்கவேண்டும். நீர் கீழே போட்டு உடைத்தது, தண்ணீர் ஊற்றினது, பற்றரி நாளாந்தப் பாவிப்பில் தேய்ந்தது, இவற்றுக்குக் கடை பொறுப்பில்லை. முதல் 2 வருடத்துக்குள் வருகிற பழுது தொடக்கத்திலேயே இருந்த பிழை என்றுதான் சட்டம் எடுத்துக்கொள்ளும், இல்லை என்றால் கடைதான் நிரூபிக்கவேண்டும். 2024க்கு முதல் இது 6 மாதம்தான். இரண்டு வருடம் கடந்த பிறகு வருகிற பழுதுக்குக் கொஞ்சம் வாதாட வேண்டிவரும். பிழை கண்டவுடன் அறிவிக்கவும் வேண்டும். கண்டு இரண்டு மாதத்துக்குள் அறிவித்தால் பிந்திவிட்டது என்று ஒருவரும் சொல்ல முடியாது. எங்கடை ஆட்கள் கோட்டை விடுகிற இடம் இதுதான். சத்தம் போடுகிற மெசினை ‘ஓடுதுதானே’ என்று ஒரு வருடம் ஓட்டிவிட்டு, நின்ற பிறகு ஓடுவார்கள்.

2013இல் எங்கள் வீட்டு மெசின் நாலு வருடத்தில் தண்ணீரோடு நின்றது. கதவு திறக்கவில்லை, உள்ளே பிள்ளைகளின் பள்ளிக்கூட உடுப்பு மிதக்கிறது. மனைவி கீழே இருந்த சின்னக் குழாயைத் திறந்து, குளியலறையில் குந்தியிருந்து சட்டி சட்டியாக ஏந்தி ஊற்றினாள். நான் பில்லைத் தேடினேன். சாமிப்படத்துக்குக் கீழே லாச்சிக்குள் பத்திரமாகத்தான் இருந்தது, ஆனால் வெறும் வெள்ளைக் கடதாசி. அந்த வகைக் கடதாசியில் எழுத்து நிற்காது. வங்கிக் கணக்கில் கட்டின திகதியும் தொகையும் இருந்தபடியால் தப்பினேன், அதுவும் ஆதாரமாகச் செல்லும். மெசினில் மின்னின பிழை எண்ணைப் போனில் படம் எடுத்து, ஐந்து வரி மின்னஞ்சலாக அனுப்பினேன். வாயால் சொன்னது காற்றோடு போகும், எப்போதும் எழுதும். கடை மறுத்தால் ஃபொர்ப்ரூக்கர்தில்சூன என்ற அரச அமைப்பு இலவசமாக நடுவில் நின்று பேசும். எனக்கு அவ்வளவுக்குப் போகவில்லை, கடையே பம்ப் மாற்றிக் கொடுத்தது.

திருத்தக் கொடுக்கும்போது ஒன்றைக் கவனியும். சில கடைகள், பிழை ஒன்றும் இல்லை என்று கண்டால் சோதனைக் கூலி எடுப்போம் என்று சொல்லும். முன்கூட்டியே தெளிவாகச் சொல்லியிருந்தால் மட்டும்தான் அதைக் கேட்கலாம். அந்தக் காகிதத்தை வாசிக்காமல் கையெழுத்து வைக்கவேண்டாம்.

அப்ப ஒப்பந்தத்தால் பிரயோசனமே இல்லையோ என்றால், தற்செயல் சேதத்துக்கு இருக்கலாம். அதிலும் முதலில் வீட்டுப் பொருட்களுக்கு எடுத்திருக்கிற ‘இன்பூ’ இன்சூரன்ஸைத் திறந்து பாரும். என்ரை மகள் துரொண்ட்ஹெய்மில் படிக்கும்போது லப்டொப்பில் தேத்தண்ணியை ஊற்றிவிட்டாள். அந்த இன்சூரன்ஸ்தான் கொடுத்தது, எங்கள் பங்காகக் கட்டவேண்டிய தொகையைக் கழித்துக்கொண்டு. கழிவு போனாலும் கையில் கொஞ்சம் மிஞ்சியது. கிழமைக்கு ஒருதரம் போனைக் கீழே போடுகிற ஆள் என்றால் மட்டும், போன் ஒப்பந்தத்தில் நீர் கட்டவேண்டிய பங்கு எவ்வளவு என்று வாசித்துப்போட்டு யோசியும். ஒரு மூலையில் நிற்கிற தோய்க்கிற மெசினை யார் கீழே போடப்போகிறார்கள்?

பழைய பொருள் வாங்குகிறீர் என்றால், விற்கிறவரிடம் கடைப் பில்லையும் கேட்டு வாங்கும். ஐந்து வருடத்தில் மிச்சம் இருந்தால், பொருளில் இருக்கிற பிழைக்கு அந்தக் கடையிடமே நீர் போகலாம்.

மெசின் வந்து இறங்கினவுடன் இன்னொரு வேலை இருக்கிறது. பின்பக்கத்தில் தொட்டியை ஆடாமல் பிடித்துவைக்கிற பெரிய போல்ட்டுகள் இருக்கும், வழியில் குலுங்காமல் இருக்கப் போடுகிறது. கழற்றினார்களோ என்று நீரே குனிந்து பாரும். போல்ட்டுகளோடு ஓடவிட்டு மெசின் துள்ளி உடைந்தால், பிழை உம்முடையது என்றுதான் கடைக்காரர் சொல்லுவார். கழற்றின போல்ட்டுகளை எறியவேண்டாம், வீடு மாறும்போது திரும்பப் பூட்டவேணும்.