பெண்களுக்கு டிக்கெட் இலவசம் என்பதால்தான் டவுன் பஸ் நேரத்துக்கு வருவதில்லையா?

அப்படிச் சொல்ல முடியாது. தமிழ்நாட்டில் 2021 மே மாதம் முதல் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்கள் இலவசமாகப் போகிறார்கள். ஆனால் அந்தப் பயணங்களுக்கான தொகையைப் போக்குவரத்துக் கழகங்களுக்கு அரசு ஈடுகட்டுகிறது. கண்டக்டர் பூஜ்ய டிக்கெட் கிழித்துக் கொடுப்பது சும்மா சடங்கு இல்லை, எத்தனை பேர் ஏறினார்கள் என்ற கணக்கு அதில்தான் இருக்கிறது.

கட்டணம் கடைசியாகப் பெரிதாக உயர்ந்தது 2018 ஜனவரியில். எதிர்ப்பு கிளம்ப, சில நாட்களிலேயே கொஞ்சம் குறைத்தார்கள். அப்போது டீசல் லிட்டர் 70 ரூபாய்க்குக் கீழே. அப்புறம் 90-ஐத் தாண்டிவிட்டது. இந்த இடைவெளிதான் பெரிய சுமை. புதுப் பேருந்து வாங்குவதும் ஆள் எடுப்பதும் தள்ளிப்போகிறது. டிரைவர் இல்லையென்றால் அந்த நடை ரத்து, அவ்வளவுதான்.