கல்லூரி இணையதளத்தையும் டிஜிட்டல் பாடங்களையும் எல்லோரும் பயன்படுத்தும்படி மாற்றச் சொல்லியிருக்கிறார்கள். எங்கிருந்து தொடங்குவது?

முகப்புப் பக்கத்தில் தொடங்காதீர்கள். தேர்வு அட்டவணையில் தொடங்குங்கள்.

நானும் ஒரு கல்லூரியின் இணையதளத்தைப் பார்த்துக்கொள்கிறவன்தான். பாடம் நடத்துவதுதான் என் வேலை, தளம் கூடுதலாகத் தலையில் வந்து விழுந்தது. உங்களுக்கு வந்த அதே உத்தரவு எனக்கும் வந்தது: டபிள்யூசிஏஜி தரத்துக்கு மாற்ற வேண்டும். மாற்றுத்திறனாளிகள் உட்பட எல்லோரும் பயன்படுத்தும்படி ஒரு தளம் எப்படி இருக்க வேண்டும் என்று சொல்லும் வழிகாட்டி அது, இணையத்துக்கான தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பு வெளியிடுவது. முதல் பதிப்பு 1999இல் வந்தது, 2.2 பதிப்பு 2023இல் வந்தது. ஏ, ஏஏ, ஏஏஏ என்று மூன்று நிலைகள் உண்டு, ஏ அடிப்படை, ஏஏஏ மிகக் கடுமையானது, பெரும்பாலோர் குறி வைப்பது நடுவில் உள்ள ஏஏ. நானும் அதைப் படித்துவிட்டு எல்லோரும் செய்வதையே செய்தேன். முகப்பின் நிறங்களை மாற்றினேன், படங்களுக்கு ஆல்ட் டெக்ஸ்ட் (படத்தில் என்ன இருக்கிறது என்று சொல்லும் மறைவான விளக்கம்) எழுதினேன், எழுத்தைப் பெரிதாக்க ஒரு பொத்தான் வைத்தேன். தானியங்கிச் சோதனையில் தொண்ணூற்றுச் சொச்சம் மதிப்பெண் வந்தது. சந்தோஷமாக இருந்தது.

அப்புறம்தான் பார்வையற்ற மாணவர் ஒருவரைப் பக்கத்தில் உட்காரவைத்து, "தேர்வு அட்டவணையை எடுங்க, பார்ப்போம்" என்றேன். அவர் பயன்படுத்துவது என்விடிஏ என்ற இலவச ஸ்கிரீன் ரீடர், அதாவது திரையில் இருப்பதை வாய்விட்டுப் படித்துக்காட்டும் மென்பொருள். அதில் எச் விசையை அழுத்தினால் அடுத்த தலைப்புக்குத் தாவும். அழுத்தினார். அடுத்த தலைப்பு எதுவும் இல்லை என்றது. கண்ணுக்குத் தலைப்பாகத் தெரிந்ததெல்லாம் வெறுமனே தடித்த எழுத்து என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. அடுத்து, பக்கத்தில் உள்ள இணைப்புகளின் பட்டியலைத் திறந்தார். "இங்கே சொடுக்கவும், இங்கே சொடுக்கவும், இங்கே சொடுக்கவும்" என்று பதினோரு தடவை. குத்துமதிப்பாக நான்காவதைத் திறந்தார். பிடிஎஃப் திறந்தது, ஸ்கிரீன் ரீடர் 'வெற்று ஆவணம்' என்றது. என் கண் முன்னால் முத்திரையும் கையெழுத்துமாக இரண்டு பக்க அட்டவணை இருந்தது.

"பரவாயில்ல சார், எப்பவும் ஃப்ரெண்டு வாய்ஸ் மெசேஜ்ல படிச்சு அனுப்பிடுவான்" என்றார். குறையாகக்கூடச் சொல்லவில்லை.

அந்த பிடிஎஃப் எப்படிப் பிறந்தது என்று விசாரித்தேன். அலுவலகத்தில் வேர்டில் தட்டச்சு செய்கிறார்கள். அச்செடுத்துக் கையெழுத்து வாங்கி, முத்திரை குத்தி, ஸ்கேன் செய்து எனக்கு அனுப்புகிறார்கள். நான் ஏற்றுகிறேன். முதல் கட்டத்தில் அது ஸ்கிரீன் ரீடர் படிக்கக்கூடிய எழுத்துதான். பாடுபட்டுப் புகைப்படமாக மாற்றியது நாங்கள். "கையெழுத்து இல்லாம போட்டா யார் நம்புவாங்க?" என்று கேட்டார்கள், நியாயமான கேள்வி. கடைசியில், அட்டவணையைச் சாதாரண இணையப் பக்கமாகவே போடுவது, அதற்குக் கீழே கையெழுத்திட்ட பிரதிக்கு ஓர் இணைப்பு கொடுப்பது என்று முடிவானது. இந்த ஒரு சம்மதம் வாங்க ஆன காலம், தளத்தின் நிரலைத் திருத்த ஆனதைவிட அதிகம்.

அதனால்தான் கோப்புகளில் தொடங்கச் சொல்கிறேன். தளத்தை ஒருவரோ இருவரோ கட்டுகிறார்கள், ஒருமுறை திருத்தினால் திருந்திவிடும். கோப்புகளை ஐம்பது பேர் உருவாக்குகிறார்கள், வாராவாரம் புதிதாக வந்துகொண்டே இருக்கும். அந்த ஐம்பது பேருக்கும் வழிகாட்டியைப் படிக்கக் கொடுக்காதீர்கள், யாரும் படிக்கமாட்டார்கள். வேர்டில் தலைப்புக்கு ஹெடிங் ஸ்டைலைப் பயன்படுத்துவது, அட்டவணையின் முதல் வரிசையைத் தலைப்பு வரிசையாகக் குறிப்பது, பிரிண்ட் வழியாக பிடிஎஃப் எடுக்காமல் 'சேவ் ஆஸ்' வழியாக எடுப்பது. இந்த மூன்றை மட்டும் அவரவர் மேசையிலேயே செய்து காட்டுங்கள். மூன்றாவது ஏனென்றால், பிரிண்ட் வழியாகப் போனால் தலைப்பு, அட்டவணை என்று உள்ளே இருக்கும் குறிகள் எல்லாம் உதிர்ந்துவிடும்.

தமிழில் தனியாக ஒரு வில்லங்கம் இருக்கிறது. பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்த கோப்பு பார்க்கத் தமிழாக இருக்கும், உள்ளே ஆங்கில எழுத்துகள்தான். 'அம்மா' என்ற சொல் ஸ்கிரீன் ரீடருக்கு எம், கே, செமிகோலன், கே, எச். மாணவர் கேட்பது இந்த உளறலைத்தான். தேடலிலும் அது சிக்காது. பழைய பாடக்குறிப்புகளை, தமிழ் எழுத்தைத் தமிழ் எழுத்தாகவே சேமிக்கும் யூனிகோடு முறைக்கு மாற்றியே ஆக வேண்டும். மாற்றித் தரும் கருவிகள் இருக்கின்றன, ஆனால் ஒருமுறை கண்ணால் படித்துச் சரிபாருங்கள்.

தளத்தில் செய்ய வேண்டியதற்கு, முதலில் மவுஸைக் கழற்றி வையுங்கள். டேப் விசையால் நகர்ந்து, கீபோர்டை மட்டும் வைத்துக்கொண்டு விண்ணப்பப் படிவத்தை நிரப்பி அனுப்பிப் பாருங்கள். எங்கள் மெனு, மவுஸ் மேலே போனால்தான் விரியும். போதாததற்கு, இப்போது எங்கே நிற்கிறோம் என்று காட்டும் நீலக் கோட்டை, பார்க்க அசிங்கமாக இருக்கிறதென்று யாரோ நிரலில் நீக்கியிருந்தார்கள். கை நடுக்கம் உள்ளவர், கை உடைந்து கட்டுப் போட்டவர், கீபோர்டை மட்டுமே நம்பியிருப்பவர் எல்லோரும் இருட்டில் நடப்பதுபோலத்தான்.

நிறத்துக்கு அளவு தெளிவாகவே இருக்கிறது. சாதாரண எழுத்துக்கும் பின்னணிக்கும் குறைந்தது 4.5க்கு 1 ஒளிர்வு வேறுபாடு (கான்ட்ராஸ்ட்), பெரிய எழுத்துக்கு 3க்கு 1. வெள்ளைப் பின்னணியில் 777777 என்ற நிறக் குறியீடு கொண்ட சாம்பல் 4.48 வந்து தோற்கும், 767676 ஜெயிக்கும். இதைத் தானியங்கிச் சோதனைக் கருவியிடமே விட்டுவிடலாம். ஆனால் ஆல்ட் டெக்ஸ்டைக் கருவியிடம் விடாதீர்கள். 'படம் 1' என்று எழுதினாலும் அது தேர்ச்சி போட்டுவிடும்.

வீடியோ பாடங்களுக்குத் தானாக வரும் கேப்ஷனை அப்படியே விடாதீர்கள், பாடத்தின் கலைச்சொற்களில்தான் அது தடுக்கி விழும். ஆசிரியர்களுக்கும் ஒரு வார்த்தை சொல்லுங்கள். பலகையைக் காட்டி "இதை இங்க கொண்டு வந்து இதோட கூட்டினா இது வந்துடும்" என்றால், பார்க்க முடியாதவருக்கு அதில் என்ன இருக்கிறது?

ஒரே வரி நிரலைச் சேர்த்தால் தளம் முழுக்கச் சரியாகிவிடும் என்று சிலர் பொத்தான் விற்க வருவார்கள். வாங்காதீர்கள். ஸ்கிரீன் ரீடர் வைத்திருப்பவருக்கு அவருடைய அமைப்புகள் ஏற்கெனவே இருக்கின்றன, ஸ்கேன் செய்த அட்டவணையை அந்தப் பொத்தான் ஒழுங்கான அட்டவணையாக்கித் தராது. நான் வைத்த எழுத்துப் பெரிதாக்கும் பொத்தானையும் எடுத்துவிட்டேன். பிரவுசரிலேயே அது இருக்கிறது. பெரிதாக்கும்போது பக்கம் உடையாமல் இருந்தால் போதும்.

எங்களுக்கு இன்னும் பிடிபடாதது கணிதத் துறை. சமன்பாடுகளெல்லாம் படங்களாக இருக்கின்றன. சமன்பாடுகளை இணையத்தில் எழுத்தாகவே எழுதும் மேத்எம்எல் வடிவில் எழுதினால் ஸ்கிரீன் ரீடர் வாசிக்கும், ஆனால் பல வருடக் குறிப்புகளை யார் உட்கார்ந்து மாற்றுவது? இப்போதைக்கு, எந்தப் பாடத்தில் பார்வையற்ற மாணவர்கள் சேர்கிறார்களோ அந்தப் பாடத்தின் குறிப்பை முதலில் மாற்றுகிறோம். இந்தப் பருவத்தில் இரண்டு அலகுகள் முடிந்திருக்கின்றன.